பெரட்டில் ஒரு காலி மைக்

லோபாக், சிரம்பான்
9 மார்ச் 2024, மாலை மணி 6.10
ஃபாலோவர்கள்: 412

அக்காவுக்கு,

தேதி, மணி, எண்ணிக்கை மூன்றையும் மேலேயே போட்டுவிட்டேன். உங்கள் மடத்தில் உனக்குப் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்பதால் வளவளக்க இடமில்லை. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டி மட்டும் மழைக்கு முன்னாலேயே செய்தி சொல்லிவிடுகிறது. தைப்பிங்கில் மழை அதிகமாமே, கம்பளி இருக்கிறதா?

நீ கன்னியர் மடத்துக்குப் போனதும் பேண்டை மூடிவிடலாம் என்றான் நம் உருமிக்காரன் புவனேஸ்வரன். நான் மூடவில்லை. செண்டாயான் பேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: எட்டு வருஷம் கல்யாண வீடுகளில் வாசித்தோம், நம்மை ஏன் எவனுக்கும் ஞாபகம் இல்லை? "அந்தப் பொண்ணு நல்லா பாடுச்சு" என்பார்கள். பேண்டுக்குப் பேர் கேட்டால் தெரியாது. 'சுவீட் மெலடி' என்று வைத்தால் எப்படித் தெரியும்? ஐஸ்கிரீம் வண்டிப் பேர்.

புதுப் பேர்: பெரட்டு. டிக்டாக்கில் நான் போட்ட விளக்கத்தை அப்படியே தருகிறேன், தப்பு இருந்தால் திருத்து. "விடியுமுன் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேருக்குரியவர் 'இருக்கேங்கய்யா' என்பார். அன்றைய வேலை கிடைக்கும். அதுதான் பெரட்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் பேரையும் தோட்டத்தின் பேரையும் அனுப்புங்கள். மேடையிலிருந்து கூப்பிடுவோம். நீங்கள் பதில் சொல்லுங்கள்."

மண்டபத்தில் விளக்கை அணைத்துவிடுவோம். பேண்டுக்கு மஞ்சள் சட்டை, வந்தவர் எல்லாருக்கும் பால்வெட்டுக்காரர் கட்டும் தலைவிளக்கு. பேர் வாசித்து முடிந்த நொடியில் முதல் பாட்டு, உன்னுடைய 'பால் இறங்கும் நேரம்'. குளோரியா பாடுகிறாள். கிளினிக் கவுண்டரில் வேலை செய்யும் அதே குளோரியாதான். நீ பாடிய அதே ஐந்தரைக் கட்டை. ஏற்றவும் மாட்டேன், இறக்கவும் மாட்டேன். ஒரு பேர், ஒரு நிறம், ஒரு சத்தம். இதில் எதை மாற்றினாலும் ஜனம் மறந்துவிடும்.

அப்பாதான் பெல்மோர் தோட்டத்தின் கடைசி மண்டோர். அவரையே பேர் கூப்பிட வைக்கப் போகிறேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

மழையில் நனையாதே.
ஆரோன்


தைப்பிங்
6 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி ஆரோனுக்கு,

கம்பளி இருக்கிறது. உடம்புக்கும் குறைவில்லை. சமையல்கட்டில் என்னைப் போட்டிருக்கிறார்கள், ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல். அம்மாவின் முட்டிக்கு அந்தப் பச்சை எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல். நீ தேய்த்துவிடு, சொன்னால் மட்டும் போதாது.

விளக்கத்தில் தப்பில்லை. 'பெரட்டு' நல்ல பேர். பொறாமையாகக்கூட இருக்கிறது, எட்டு வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லையே.

இரண்டே கேள்விகள். அப்பா ஒத்துக்கொள்வாரா? வேலையை விட்டதிலிருந்து அவர் தோட்டத்துப் பக்கமே போவதில்லை. இன்னொன்று, குளோரியாவுக்கு ஐந்தரை ஏறுமா? கோயில் பாடல் குழுவில் அவள் எப்போதும் என் பக்கத்தில், எனக்குக் கீழேதான் பாடுவாள்.

உனக்கும் பேண்டுக்கும் என் ஜெபம் உண்டு. புவனேஸ்வரனுக்கும் சேர்த்துத்தான். அவன் மாரியம்மனிடமும் சொல்லிவைக்கட்டும், நஷ்டமில்லை.
எலெய்ன்


லோபாக்
19 மே 2024, காலை மணி 11.00
ஃபாலோவர்கள்: 3,860

அக்காவுக்கு,

எண்ணெய் தேய்த்தாயிற்று. அம்மா நடக்கிறார், நான்தான் நாறுகிறேன். மற்றபடி எல்லாரும் நலம்.

அப்பாவிடம் கேட்டேன். பசியாறிக்கொண்டிருந்தார். ரொட்டி சானாயைப் பிய்த்தபடி நிமிராமலே கேட்டார்:

"பேர் கூப்பிட்டு?"

"அவங்க இருக்கேன்னு சொல்லுவாங்க."

"சொன்ன பெறகு?"

"பாட்டுப்பா."

"பெரட்டுல பேர் கூப்பிட்டா வேலை குடுக்கணும்டா. நீ என்னா வேலை குடுப்ப? வெறும் பேரக் கூப்பிட்டு நிக்க வைக்கிறதுக்கு நான் எதுக்கு? காக்கா போதும்லா."

அம்மாதான் காப்பாற்றினார். "பிள்ள கேக்குறான், போங்களேன். வீட்டுல குந்திக்கிட்டு என்னைத்தான் பேர் பேரா கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க." அப்பா சட்டையை மாட்டினார்.

நேற்று போர்ட்டிக்சன் மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி. இருநூறு தலைவிளக்குகள். அப்பாவுக்கு மைக்கே தேவைப்படவில்லை. "பஞ்சாலை, பெல்மோர் தோட்டம்" என்றார். ஐம்பது வயதிருக்கும், குமுதவல்லி என்று ஓர் அம்மா, பஞ்சாலையின் மகள். எழுந்தார். பக்கத்திலிருந்த மகன், பதில் சொல்லச் சொல்லி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அப்புறம் ஒரு கத்தல்: "இருக்கேங்கய்யா!" மண்டபமே சிரித்தது. ஒரு நொடிதான். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் மிக்சர் முன்னால் இருந்தேன், எல்லாம் மீட்டரில் தெரிந்தது.

அப்பா பதில் வராத பேரை ஒரு தடவைதான் கூப்பிடுகிறார். மூன்று தடவை கூப்பிட்டால் எடுப்பாக இருக்குமே என்றேன். "வராதவன மூணு வாட்டி கூப்பிடுறது அவன மானங்கெடுக்குறதுடா. மேல சுகமில்லாம இருக்கும், தோட்டம் மாறிப் போயிருக்கும். ஒரு வாட்டி. அப்பறம் அடுத்த பேரு." சரி என்று விட்டுவிட்டேன்.

ஐந்தரை பற்றிக் கேட்டாய். குளோரியா பழகிக்கொள்வாள். வெந்நீர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், சமையல்கட்டை விட்டு வெளியே வா.
ஆரோன்


தைப்பிங்
15 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் நலம் என்று படித்ததும் ஒரு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். பஞ்சாலை மகள் எழுந்து நின்றதை உன் கடிதத்திலிருந்து சிஸ்டர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் தலைமை சிஸ்டர் லோகேஸ்வரியும் தோட்டத்துப் பிள்ளைதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒரு நல்ல செய்தி. டிசம்பர் 14இல் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற வாக்கு கொடுக்கும் நாள். அன்று பீடத்துக்கு முன்னால் என் பேரைக் கூப்பிடுவார்கள். 'இதோ இருக்கிறேன்' என்று நான் பதில் சொல்ல வேண்டும். சிரிக்காதே, இதுவும் பெரட்டுதான். நீங்கள் எல்லாரும் வரவேண்டும்.

உங்கள் பெரட்டில் என் பேர் வந்தால் என்ன செய்வீர்கள்? மைக் மட்டும்தான் நிற்கும், ஆள் இருக்காது!

கட்டை விஷயத்தில் நீ பதில் சொல்லவில்லை. வெந்நீர் பதில் இல்லை.

தேவ சமாதானம் உங்களோடு இருக்கட்டும்.
எலெய்ன்


லோபாக்
28 ஜூலை 2024, மாலை மணி 5.30
ஃபாலோவர்கள்: 41,200

அக்காவுக்கு,

வீட்டில் சுகம். அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை, அதனால் இப்போது பேர் கூப்பிடுவது நான்.

மேலே உள்ள எண்ணைப் பார். தப்பாக எழுதவில்லை. நிகழ்ச்சியில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம், நன்றாக எடுபட்டது. விவரம் பிறகு. டிசம்பர் 7ஆம் தேதிக்குச் சிரம்பானில் பெரிய மண்டபம் எடுத்தாயிற்று, பாதி டிக்கெட் இப்போதே போய்விட்டது.

டிசம்பர் 14 தேதியைக் குறித்துக்கொண்டேன்.

வேலை அதிகம். நீ நன்றாக இரு.
ஆரோன்


லோபாக்
14 செப்டம்பர் 2024, மதியம் மணி 2.15

அக்காவுக்கு,

சுகமா? மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. தபால்காரரை நிறுத்திக் கேட்டேன், தைப்பிங்கிலிருந்து எதுவும் வரவில்லை என்றார். உடம்பு சரியில்லையா? கடிதம் எழுதத் தடை போட்டார்களா? காரணம் எதுவானாலும் ஒரு வரியில் எழுது. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அப்பா இன்னும் மேடை ஏறவில்லை. தொண்டை என்கிறார்.
ஆரோன்


தைப்பிங்
12 அக்டோபர் 2024

ஆரோனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தடையும் இல்லை. எழுத உட்கார்ந்தால் கோபமாக வந்தது, அதனால் எழுதவில்லை.

ஜூலைக் கடைசியில், உன் கடிதம் வந்த அதே வாரம், மடத்து கேட்டுக்கு வெளியே மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். மஞ்சள் சட்டை, நெற்றியில் தலைவிளக்கு. கையில் ஒரு துணி: 'எலெய்ன் அக்கா, திரும்பி வா.' ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள். வெயிலில் முகம் கருத்துப்போயிருந்தது. உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தேன். அதில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒங்கள இங்க அடச்சி வச்சிருக்காங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றாள்.

அப்புறம் போனைக் காட்டினாள். மேடை இருட்டு. நடுவில் ஒரு காலி மைக், அதன்மேல் ஒரே ஒரு விளக்கு. நீ என் பேரைக் கூப்பிடுகிறாய். நிறுத்துகிறாய். மறுபடி கூப்பிடுகிறாய். மூன்றாவது தடவையும். கீழே எழுத்து: 'எலெய்ன் எங்கே? டிசம்பர் 7இல் வருவாளா?'

நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா ஆரோன்? முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டுகிறாயே!

அதற்குப் பிறகும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சிஸ்டர் லோகேஸ்வரி என்னைத் திட்டவில்லை. "ஒன் வீட்டுக்காரங்க ஒன்னை இன்னும் விட்டுக் குடுக்கலையா, இல்ல நீயே இன்னும் வரலையா?" என்று மட்டும் கேட்டார். வார்த்தைப்பாட்டைத் தள்ளி வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். உன்னுடைய ஏழாம் தேதி முடிந்த பிறகு சொல்வார்களாம்.

இன்னொன்று. அந்த வீடியோவில் குளோரியா பாடுவதையும் கேட்டேன். அந்தப் பெண்ணின் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறாய்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு. உனக்கும்தான், ஆனால் இன்று கொஞ்சம் குறைவாக.
எலெய்ன்


லோபாக்
27 அக்டோபர் 2024, காலை மணி 9.00
ஃபாலோவர்கள்: 68,400

அக்காவுக்கு,

நீ நலம் என்று தெரிந்தது, போதும். அம்மாவிடம் கோபத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 'மைக் மட்டும்தான் நிற்கும், ஆள் இருக்காது' என்று நீ எழுதினாய். படித்த உடனே தெரிந்துவிட்டது, இது வேலை செய்யும் என்று. செய்தது. பதில் இல்லாத ஒரு பேர் இருந்தால் ஜனம் அந்தப் பதிலுக்காகத் திரும்பத் திரும்ப வரும். மூன்று வாரத்தில் பத்து மடங்கு. இதை நான் மறைத்தது, நீ வேண்டாம் என்பாய் என்று தெரிந்ததால்தான்.

அப்பாவுக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை. உன் பேரை மூன்று தடவை கூப்பிடச் சொன்னேன். தாளை என் மடியில் போட்டுவிட்டு, மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த காடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு 'உப்பை எடு' அளவில்தான்.

புவனேஸ்வரன் போன வாரம் உருமியை இறக்கி வைத்துவிட்டுக் கத்தினான். "டேய், ஒன் போஸ்டரப் பாத்துட்டு எங்க அத்தை மாலை வாங்கிக்கிட்டு வந்திருச்சுடா! 'அந்தப் பொண்ணு எப்பப்பா தவறுச்சு'ன்னு கேக்குது. நான் என்னா சொல்ல? தைப்பிங்ல சோறாக்கிக்கிட்டு இருக்குன்னா?" எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

மண்டபம் நிறைந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு பேரும் ஒரே கேள்விக்காகத்தான் வருகிறார்கள். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் எங்களிடம் மிச்சம் என்ன? ஒரு டெக்னீஷியன், ஓர் உருமி, தொண்டை கட்டிய ஒரு பாடகி. இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடிவு செய்யவில்லை. செய்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன்.

கோபத்திலும் வேளைக்குச் சாப்பிடு.
ஆரோன்


தைப்பிங்
16 நவம்பர் 2024

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். அம்மாவின் முட்டி எப்படி? தீபாவளிக்குப் புவனேஸ்வரன் வீட்டிலிருந்து முறுக்கு வந்ததா?

பொய் எழுதாததற்கு நன்றி. நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் போனில் பாட்டைப் போட்டபோது என் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. சிஸ்டர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு பல நாள், நான் யார் கூப்பிட்டு இங்கே நிற்கிறேன் என்று என்னையே கேட்டேன். உன்மேல் வந்த கோபத்தில் பாதி அதுதான்.

இப்போது கேட்டு முடித்தாயிற்று. நான் இங்கேதான் இருக்கிறேன். பாட்டுப் பிடிக்காமல் நான் வரவில்லை, ஆரோன். பிடித்திருக்கும்போதே வந்தேன்.

மிச்சம் என்ன என்று கேட்டாய். பஞ்சாலை மகள் எழுந்து நின்றாரே, அன்று என் பேரே அங்கே இல்லை.

குளோரியாவுக்கு நாலு கட்டை. எழுதி வைத்துக்கொள். நாலில் அவள் குரல் சுட்ட மண் மாதிரி இருக்கும், உனக்குத்தான் இன்னும் தெரியாது. ஐந்தரை என்னுடையது. அதை நான் கொண்டுவந்துவிட்டேன்.

ஏழாம் தேதி உங்களுக்காக ஜெபிப்பேன். என்ன நடக்க வேண்டும் என்று சொல்லி ஜெபிக்க மாட்டேன்.
எலெய்ன்


லோபாக்
8 டிசம்பர் 2024, மதியம் மணி 12.20
ஃபாலோவர்கள்: 59,700

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். முட்டி சுகம். முறுக்கு வந்தது, தீர்ந்தது. இது உனக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும், எக்ஸ்பிரசில் அனுப்புகிறேன்.

எண் இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பாய். காரணம் எனக்குத் தெரியும், காரணம் நான்தான். புதன்கிழமை அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். ஒரே ஓர் அறிவிப்புப் போட்டேன்: 'எலெய்ன் வரமாட்டார். அவர் தாமே விரும்பிப் போன இடத்தில் நலமாக இருக்கிறார். அங்கே யாரும் போகவேண்டாம். டிக்கெட் பணம் வேண்டுவோருக்குத் திருப்பித் தரப்படும்.' கேட்டார்கள், தந்தேன். மண்டபத்தில் எண்ணூறு பேர்.

அப்பாவிடம் வியாழக்கிழமை போனேன். "பேர் கூப்பிட்டா வேலை குடுக்கணும்னு சொன்னீங்கல்ல. என்னா வேலைன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். என்னைப் பார்த்தார். "இத மே மாசமே கேட்டிருக்கலாம்லா" என்றார். சட்டையை எடுத்தார்.

நேற்று விளக்கை அணைத்ததும் மேடைக்கு வந்தார். பேர், தோட்டம், பதில். ஒவ்வொருவர் பதில் சொன்னதும் அந்த வரிசைக்கே வேலை கொடுத்தார். "ஒங்க வரிசை கைத்தட்டு. உருமியப் பாத்துத் தட்டணும், முந்தக் கூடாது." "ஒங்க வரிசை கீழ்க்குரல். ம்ம்முன்னு இழுங்க. வாயத் தொறக்காத, ஈ பூந்துரும்." குமுதவல்லி மறுபடி வந்திருந்தார். கடைசி வரியைத் திருப்பிப் பாடும் வேலை அவர் வரிசைக்கு. "நல்லா செய்யலன்னா அரைப் பேர்தான் போடுவேன்" என்று அப்பா மிரட்ட, அரை நாள் கூலி ஞாபகம் வந்த பெரியவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்புறம், நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தாளிலும் இல்லை, அவராகவே: "எலெய்ன், பெல்மோர் தோட்டம்." ஒரு தடவை. அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "வேற தோட்டத்துக்கு மாறிருச்சு. அங்க பேர் பதிஞ்சாச்சு." எனக்கு மட்டும்தான் தெரியும், மூச்சு தடுமாறியது மீட்டரில் தெரிந்தது. "அடுத்த பேரு. குளோரியா!"

"இருக்கேங்கய்யா!"

காலி மைக்குக்கு அவள் போனாள். நாலு கட்டை. சுட்ட மண்ணா என்று எனக்குத் தெரியாது, நான் அதைப் பிடித்துப் பார்த்தவன் இல்லை. ஆனால் எண்ணூறு பேரும் வேலையில் இருந்தார்கள். கைத்தட்டு, கீழ்க்குரல், கடைசி வரி. ஒருத்தனும் போனைத் தூக்கவில்லை, இரண்டு கைக்கும் வேலை இருந்தது. எட்டு வருஷத்தில் எங்கள் பேண்டு இவ்வளவு பெரிதாக ஒலித்ததில்லை. முடிந்து வெளியே போனவர்கள் காடியைத் திறக்கும்போதும் ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே போனார்கள். இனி இவர்கள் நம்மை மறக்க மாட்டார்கள். எண் திரும்ப ஏறும். நான் அவசரப்படவில்லை. (நீ சிரிப்பது கேட்கிறது.)

இன்று பூசை முடிந்து அப்பாவே உங்கள் மடத்துக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். சிஸ்டர் லோகேஸ்வரி, "பதினாலாம் தேதி எல்லாரும் பசியோட வாங்க" என்றாராம். வார்த்தைப்பாடு தள்ளிப்போகவில்லை என்று உனக்கும் இந்நேரம் சொல்லியிருப்பார்கள்.

இனி நான் செய்யப் போவது:

1. 'பால் இறங்கும் நேரம்' பாட்டை நாலு கட்டையில் மறுபடி ரெக்கார்ட் செய்வேன். எண்ணூறு பேரின் சத்தமும் அதில் இருக்கும்.

2. குளோரியாவிடம் மன்னிப்புக் கேட்பேன். வெந்நீர் குடுவை வாங்கித் தர மாட்டேன், முகத்தில் அடிப்பாள்.

3. துணி பிடித்துக்கொண்டு வந்த அந்த மூன்று பெண்களையும் தேடிப் பிடித்து வேலை கொடுப்பேன். ஈப்போவில் நாங்கள் நடத்தப்போகும் நிகழ்ச்சிக்குப் பேர் பதிவது இனி அவர்கள்.

4. பதினாலாம் தேதி விடியுமுன் அப்பா, அம்மா, குளோரியா, புவனேஸ்வரன் எல்லாரையும் வேனில் ஏற்றுவேன். மஞ்சள் சட்டை கிடையாது, தலைவிளக்கு கிடையாது, என் போன் வீட்டில் இருக்கும்.

5. கோயிலில் கடைசி வரிசையில் உட்காருவேன். உன் பேரை அவர்கள் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கேட்கிற மாதிரிப் பதில் சொல்.

ஆரோன்